பிரிக்கக் கூடாத பொட்டலம்

பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கனடாவில் இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, திண்டுக்கல்லில் அப்பாவின் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். வழுக்கி விழுந்தேன், முதுகு போய்விட்டது, பணம் கொடுங்கள் என்று எழுதுகிறவர்களின் கோரிக்கைகளைப் படித்து, எது நிஜம், எது கட்டுக்கதை என்று பிரித்து வைக்க வேண்டும். பல வருஷம் இதையே செய்தால் புத்தி அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. காய்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டால், தக்காளியில் எத்தனை அழுகல் என்று பையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம். அதிலும் 'இவன் உன்னைக் கட்டியது விசாவுக்குத்தான்' என்று ஊரே சொல்லும்படியான கல்யாணமாக அது அமைந்தது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது கனடாவிலிருந்து வந்தேன். அங்கே போய்ப் படித்து, வேலை பார்த்து, குடியுரிமையும் வாங்கியிருந்தேன். அப்பா போன பிறகும் திரும்பவில்லை. வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அக்காவும் நானும் இழுத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கோடையில் போர் மோட்டார் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் மோட்டார் நின்றால் வீட்டில் எதுவுமே நடக்காது. பக்கத்து வீட்டார் ஒட்டன்சத்திரத்தில் மோட்டார்க் கடை வைத்திருந்த ஒருவரை வரவழைத்தார்கள். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒயருதான் போயிருச்சு. புதுசெல்லாம் வாங்க வேண்டாமுங்க."

மோட்டார் விற்கிறவரே மோட்டார் வேண்டாம் என்கிறாரே என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் போனதும் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். அன்றைக்கு அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை வளர்ந்து, சுற்றிச் சுற்றி, பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றுவதில் போய் நின்றது.

எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவர் என்னைவிடச் சின்னவர். தொப்பம்பட்டிப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு உண்டு, அம்மா உண்டு. பெண்தான் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஆண்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு. படித்த பெண்கள் கோயம்புத்தூரையும் சென்னையையும் பார்த்துப் போய்விடுகிறார்கள், தோப்புக்கு வாழ்க்கைப்பட யாருக்கும் மனதில்லை. எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் வேறு வேறு. அதனால் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் கூட்டம் சேரவில்லை. சின்னாளபட்டியில் சேலை வியாபாரத்தில் இருக்கும் என் அக்கா, சாட்சிக் கையெழுத்துப் போட்ட கையோடு என்னை ஓரமாக இழுத்தாள்.

"மோட்டாரப் பாக்க வந்தவன் உன் பாஸ்போர்ட்டப் பாத்துட்டான்டி. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"

"சும்மா இரு அக்கா."

"கட்டுன பொண்டாட்டிய எவனாச்சும் ஏனுங்க, வாங்கன்னு கூப்புடுவானா? அம்புட்டும் நடிப்பு."

அவர்கள் பக்கம் கன்றுக்குட்டியிடம்கூட மரியாதையாகத்தான் பேசுவார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அக்கா சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கனடாக் குடியுரிமை உள்ளவர், வேறு நாட்டில் இருந்துகொண்டே தன் கணவருக்கு அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கேட்டு ஸ்பான்சர் செய்யலாம். ஆனால் அவருக்கு அனுமதி கிடைத்ததும் நானும் அங்கே போய் வாழ்வேன் என்று நிரூபிக்க வேண்டும். ஆக, கனடாவின் குடியேற்ற அலுவலகத்துக்கு இரண்டு சந்தேகங்கள். இந்தக் கல்யாணம் நிஜமா? இவள் நிஜமாகவே திரும்பி வருவாளா? எனக்கு அவர்கள்மேல் கோபமே இல்லை. என்னைப்போலவே அவர்களும் சம்பளத்துக்குச் சந்தேகப்படுகிறவர்கள்.

நான் திரும்புவேன் என்பதை நிரூபிப்பது சுலபமாக இருந்தது. அலுவலகத்துக்கு வந்து வேலை செய்யலாம் என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார். ஒரு தோழி தன் வீட்டின் கீழ்த்தளத்தை எங்களுக்கு ஒழித்துத் தருவதாகச் சொன்னாள். கல்யாணம் நிஜம் என்பதை நிரூபிக்கத்தான் திண்டாடினோம். போட்டோக்களில் ஆட்கள் இல்லை. இருக்கும் போட்டோக்களில் அக்கா முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு எங்களுக்குள் போன வாட்ஸப் செய்திகளைக் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், 'தண்ணி வருதுங்களா?' 'வருது.' 'சத்தம் கேக்குதுங்களா?' 'கேக்கல.' இதைத்தான் மொழிபெயர்த்து, காதலுக்கு ஆதாரமாக அனுப்பி வைத்தேன். என் மேசைக்கு இப்படி ஒரு கோரிக்கை வந்திருந்தால் அன்றே ஓரமாக ஒதுக்கியிருப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கணவர் என் அப்பா வீட்டில் தங்கி, கடைக்கும் தோப்புக்கும் போய் வந்துகொண்டிருந்தார். காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கியபோதே, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்; பீரோவுக்குள்ளிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். உள்ளே பாஸ்போர்ட் தயாராக இருந்தது. என்னைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்தது. பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் லேமினேட் செய்து பளபளவென்று இருந்தன.

"தோப்பும் கடையும் இருக்கறவருக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்?" என்றேன்.

"கூட்டாளி ஒருத்தன் குவைத்துக்குக் கூப்பிட்டானுங்க. எடுத்து வெச்சேன். அப்பறம் அம்மாவ உட்டுப்போட்டுப் போக மனசு வர்லீங்க."

பதில் எங்கேயும் இடறாமல் வந்தது. இடறாமல் வரும் பதிலைத்தான் என் வேலையில் இரண்டாம் முறை படிப்போம். அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும் எனக்கு வேறு மாதிரியாகத் தெரிந்தது. அங்கே எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்று கேட்டால், இங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளத் தயாராகிவிட்டார் என்று நினைத்தேன். நான் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டு அவர் போனை வைத்துவிட்டால், யாரிடம் பேசினார் என்று யோசித்தேன். அங்கே போய் இறங்கி, குடியிருப்பு உரிமைக் கார்டு கைக்கு வந்ததும், "ஏனுங்க, நான் வரட்டுங்களா?" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது தெரியும். தெரிந்தும் பயந்தேன், ஏனென்றால் அதற்குள் அவர் இல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டிருந்தது.

ஸ்பான்சர் செய்தவர் நினைத்தால் முடிவு வருவதற்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். கணவரிடம் ஒரே ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாலும் அதை அனுப்பிவிடுவது என்று எனக்குள் தீர்மானம் செய்துகொண்டேன். அனுப்பினால் கல்யாணமும் அதோடு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் மாமியார் குறுக்கே வந்தார். ஆரம்பத்திலிருந்தே மகன் கடல் தாண்டிப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஒரு நாள் போகாமல் உட்கார்ந்து சொன்னார்.

"பூக் கேக்காம என்ற மகன் எங்கயும் போகமாட்டான். சாமி குடுத்தாப் போங்க. குடுக்காட்டி அந்தப் பேச்ச மறந்துபோடுங்க."

அவர்கள் பக்கம் இது வழக்கம். நிலம் வாங்குவதோ, கிணறு வெட்டுவதோ, பெண் எடுப்பதோ, எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழை இலையில் வைத்து, வெளியே நிறம் தெரியாமல் பொட்டலமாகக் கட்டி, சாமியின் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. சிவப்பு வந்த பிறகு மீறிப் போனவர்களின் கதையெல்லாம் மாமியாரிடம் இருந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வழியில் கணவர்தான் காரை நிறுத்தி வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் வாங்கினார். கோயிலுக்குப் போனதும் அவரும் மாமியாரும் இலை அறுத்துப் பொட்டலம் கட்டப் பின்பக்கம் போனார்கள். பூப்பை கணவர் கையில் இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நின்றேன். கனடாவின் குடியேற்றச் சட்டமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, என் வாழ்க்கை இரண்டு வாழை இலைப் பொட்டலங்களில் நிற்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பூசாரி கையை நீட்டியபோது சிரிப்பு போய்விட்டது.

வெள்ளை வந்தது.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கணவர் சற்று நேரம் அந்தப் பூவையே பார்த்துவிட்டு, "குடுத்துருச்சுங்க" என்று என்னிடம் சொன்னார். முகத்தில் சந்தோஷம் இல்லை. இதுவும் நடிப்போ என்று நினைத்தேன். மற்றப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, கிணற்றில் போட்டு வரச் சொன்னார்கள். கிணற்றடியில் யாரும் இல்லை. பிரிக்கக் கூடாது என்று ஒன்றை என் கையில் கொடுத்தால் நான் வேறு என்ன செய்வேன்? வாழை நாரை அவிழ்த்தேன்.

உள்ளேயும் வெள்ளை அரளிதான்.

பொட்டலத்தை மறுபடி சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தேடிய பொய் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் சந்தோஷமாக இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. சாமியையே ஏமாற்றுகிறவருக்கு நான் எந்த மூலைக்கு என்று அழுகை வந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல? மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில எதுக்குடி பயம்? செவப்பு வந்துருமோன்னு பயந்து ரெண்டையும் வெள்ளையா வச்சிருக்கான். அனுப்புடி அந்த மெயில."

எழுதினேன், ஆனால் அனுப்பவில்லை. அந்த வாரத்திலேயே, எங்கள் இருவரையும் வீடியோவில் நேர்காணல் செய்யப் போவதாகக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அதற்குள் கணவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று, அவர் தோட்டத்தில் இருந்த ஒரு நாள் சொல்லாமல் கிளம்பித் தொப்பம்பட்டிக்குப் போனேன். அவர் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தார். மாமியார் மட்டும் களத்தில் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. வாடிக் கருத்துப்போன பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துப் பிரித்தேன்.

"பாருங்கத்தை, உங்க மகன் செஞ்ச வேலைய. ரெண்டுமே வெள்ளை."

அவர் பதறவில்லை. கொப்பரையைத் திருப்புவதையும் நிறுத்தவில்லை.

"பிரிக்கக் கூடாதுன்னு சொன்னனே அம்மிணி, பிரிச்சுட்டியா? அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனத் தண்ணி மொண்டாரச் சொல்லிப்போட்டு நான்தான் கட்டுனேன்."

எனக்குப் புரியவில்லை. போக வேண்டாம் என்று நின்றவரே எதற்காக வெள்ளையை வைக்க வேண்டும்?

"சாமிய ஏமாத்தலாமா அத்தை?"

"சாமிகிட்ட மொதல்லயே சொல்லிப்போட்டுத்தான் வெச்சேன்." அதன் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செவப்பு வந்திருந்தா அவன் நகரமாட்டான். அவனுக்கு இந்தத் தோப்ப உட்டுப்போட்டுப் போக மனசே இல்ல, உனக்காகத்தான் மண்டைய ஆட்டறான். ஆனா நீ நிக்க மாட்டே. இதே களத்துல நின்னு உங்கக்காகிட்டப் போன்ல பேசுனியே, தைக்குள்ள கெளம்பிருவேன், அவரு வந்தாலும் செரி வராட்டியும் செரின்னு. என்ற காதுல உளுந்துச்சு."

பேசினேன்தான். அக்காவிடம் வீறாப்பாகச் சொன்னது. சொன்னபோது அது வீறாப்புதானா என்று நான் யோசித்ததில்லை.

"எனக்கு என்ற மகன் மேல சந்தேகமில்ல அம்மிணி. உன்ற மேலதான் நம்பிக்கையில்ல."

எனக்குக் கோபம் வந்தது. பொய்யைப் பிடிக்கப் போன இடத்தில் இந்த அம்மாள் என்னைப் பிடித்துவிட்டாரே என்ற கோபம்.

"அவரும் வந்துட்டா நீங்க ஒத்தையா என்ன பண்ணுவீங்க?"

"ஆள் வெச்சுத் தோப்பப் பாத்துக்குவேன். நான் இருந்துக்குவேன். இத்தன வருசம் பொண்ணு கெடைக்காம அவன் ஒத்தையா உக்காந்திருந்ததப் பாத்துட்டேன். மறுக்கா பாக்க என்னால ஆகாது." வாடிய பூவை எடுத்து மாட்டுத் தொட்டிப் பக்கம் வீசினார். "அவங்கிட்டச் சொல்லிப்போடாத. சாமி உத்தரவுன்னுதான் மனசத் தேத்திக்கிட்டு இருக்கறான்."

மின்னஞ்சலை அழித்துவிட்டேன். அக்காவிடம், இலைக்குள் வெயில் பட்டுச் சிவப்புப் பூ வெளுத்திருக்கும் என்று ஒரு மட்டமான கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் அக்கா ஆயிற்றே.

நேர்காணலுக்கு அப்பாவின் வீட்டு ஹாலில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தோம். கணவர் மடிப்பு கலையாத புதுச் சட்டை போட்டு, என் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பெண் அதிகாரி. பக்கத்துக் கட்டத்தில் தமிழில் சொல்வதற்கு ஒருவர். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள். ஒயர் போன கதையைக் கணவர் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். உங்கள் மனைவிக்குப் பிடிக்காத சாப்பாடு எது என்று கேட்டார்கள்.

"எங்கம்மா வெக்கிற கொள்ளு ரசமுங்க. குடிக்கற மாதிரி டம்ளர வாயில வெப்பாங்க. நாங்க அக்கட்டால திரும்புனதும் வாஷ்பேசின்ல ஊத்திருவாங்க."

அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சத்தமே இல்லாமல்.

எதற்காகக் கனடாவில் வாழ ஆசைப்படுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. "ஆசையெல்லாம் இல்லீங்க. இவங்க வேலை அங்கதான் இருக்குது. சாமியும் உத்தரவு குடுத்துருச்சு" என்றார். உத்தரவு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தமிழ்க்காரர் கொஞ்சம் திணறினார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் கேட்டார். இந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், கணவரோடு இந்தியாவிலேயே தங்கிவிடுவீர்களா? தமிழ்க்காரர் அதைக் கணவருக்கும் சொன்னார்.

இதற்கு ஒரே பதில்தான் உண்டு. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. மாடி அறை, தண்ணீர் லாரி, அக்காவின் பேச்சு, தோப்பு எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. அதிகாரி காத்திருந்தார். எனக்கு முன்னால் கணவர் பேசிவிட்டார்.

"இருக்க மாட்டாங்க, போயிருவாங்க. தப்புன்னு சொல்லலீங்க. இங்க இருந்தா இவங்களுக்கு மூச்சு முட்டுது, நான் பாத்துட்டுத்தான இருக்கறேன். அதுக்குத்தானுங்க நான் வர்றேங்கறது."

தமிழ்க்காரர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை நான் கணவர் பக்கம் திரும்பவில்லை. இப்படிச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று முன்பே யோசித்து வைத்திருந்தாரோ என்று அந்த நேரத்திலும் என் புத்தி கேட்டது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"உங்கள் கணவர் சொல்வது சரியா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. நான் இவரோடு இங்கேயே இருப்பேன்" என்றேன். குரல் இடறவே இல்லை.

அதிகாரி எதையோ தட்டச்சு செய்துகொண்டார், நன்றி சொன்னார், திரை அணைந்தது. கணவர் சட்டைக் காலர் பொத்தானைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் தப்பாச் சொல்லிட்டனுங்களா?"

அதிகாரியிடம் சொன்னதையே அவரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியும் இருப்பார்.

"இல்லங்க. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.